கொடி விழுந்தால் குரல் கொடுக்க வேண்டும்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ரோடு நேராக வருவதுபோலத்தான் இருக்கும். ஆட்டோவில் வந்தால்தான் தெரியும். வீட்டுக்குச் சற்று முன்னால் அது வடக்கே ஒதுங்கி, வீட்டைத் தாண்டியதும் பழைய நேருக்குத் திரும்பிவிடும். பழகிய டிரைவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஹேண்டிலைத் திருப்புவார்கள். போன மாதம் ஒரு புதுப் பையன், "இந்த எடத்துல மட்டும் இன்ஜினியருக்குக் கண்ணு தெரியாம போச்சா?" என்று அலுத்துக்கொண்டான். நான் பின் சீட்டில் காய்கறிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு மலையைப் பார்த்தேன்.

அந்த வளைவு எப்படி வந்தது என்று தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். என் பிள்ளைகளிடம் சொன்னால் "அதுக்கு இப்ப இன்னாம்மா?" என்பார்கள். என் வயதுக்காரர்களான உங்களுக்குப் புரியும். ஒரு வீடு கட்டுவதற்குள் அப்பாக்களின் முடி நரைத்ததை நாம் பார்த்திருக்கிறோம். அம்மாக்கள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததையும் பார்த்திருக்கிறோம்.

இப்போது ரோடு போடுவதென்றால் காலையில் ஜேசிபி வருகிறது, அடுத்த வாரம் தார் மணக்கிறது. எழுபதுகளின் கடைசியில் முதலில் வருவது கொடிதான். கையகலச் சிவப்புக் காடாத் துணி, அதைக் கட்டிய மூங்கில் குச்சி, என் தோள் உயரம். வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை, எள்ளுக் கொல்லை, ஏரிக்கரை என்று பார்க்காமல் நேராக வந்துகொண்டே இருக்கும். கோயில் கொடியேற்றத்தை மட்டுமே பார்த்திருந்த எங்களுக்கு இத்தனை கொடிகள் தரையிலிருந்து முளைத்தது பெரிய குதூகலம். பள்ளிக்கூடம் விட்டதும் கொடிக்குக் கொடி ஓடுவோம். எந்தக் கொடியை யார் முதலில் பார்த்தாரோ அது அவருக்குச் சொந்தம் என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஏரிப் பக்கத்தில் ஒரு கொடி என்னுடையது.

இன்னொரு கொடியை நான் சொந்தம் கொண்டாடவில்லை. அது எங்கள் வீட்டின் பின்கட்டில், அடுப்படிச் சுவருக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே நின்றது.

அதை நட்ட ஆளிடம் அம்மா கேட்டாள். சர்வேயரோடு சங்கிலி இழுத்துக்கொண்டு வருகிற செயின்மேன் அவர்.

"இது இன்னாத்துக்குங்க?"

"புது ரோடும்மா."

"எந்தப் பக்கமா போவுது?"

"கொடி எங்க போவுதோ அங்கதாம்மா ரோடும் போவும். இதான் நடு ரோடு." கையை நீட்டி எங்கள் அடுப்படி வழியாக ஒரு கோடு போட்டுக் காட்டினார். அவருக்கு அது வெறும் திசை. அம்மா அன்று சாயங்காலம் அடுப்பே பற்றவைக்கவில்லை. அப்பா வந்ததும் பழைய சோற்றைப் பிழிந்து வைத்தாள்.

அப்பா செங்கம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பேச்சு கம்மி. நிறுத்தம் வந்தால் விசில், இல்லாவிட்டால் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் வரும், கேட்காததற்கு ஒரு வார்த்தை வராது. அதை எல்லாரும் நல்ல குணம் என்றுதான் சொன்னார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை. ரத்த உறவில்லை. அப்பாவை "அண்ணா" என்றும் அம்மாவை "அண்ணி" என்றும் கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனவள். அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். குழந்தை இல்லை. மாமா பட்டாளத்திலிருந்து சேர்த்து அனுப்பியதில் வாங்கிய கொல்லையில் காக்கட்டான் மல்லியும் கனகாம்பரமும் போட்டிருந்தாள். ஒரு கிணறு, அதில் ஒரு ஆயில் இன்ஜின். விடிவதற்குமுன் மொட்டுப் பறிக்க நானும் போவேன். பனியில் பாவாடை ஓரம் நனைந்து காலில் ஒட்டும். விரல் நுனியெல்லாம் காக்கட்டான் வாசனை பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சிலேட்டைத் துடைத்தால் சிலேட்டும் மணக்கும். கூடையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கோபுரத்துப் பூக்கடைக்குப் போகுமுன் என் தலையில் ஒரு சரம் வைத்துவிட்டுத்தான் போவாள். என்னைப் பெற்றவள் வைத்ததைவிட அவள் வைத்த பூ ஜாஸ்தி.

மாமா அந்தப் புரட்டாசியில் லீவில் வந்திருந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டி, பெரிய மீசை, சிரித்தால் மீசை மட்டும் அசையும். நாங்கள் கொடிக்குக் கொடி ஓடுவதைப் பார்த்துவிட்டு எல்லாரையும் கிணற்று மேட்டில் உட்காரவைத்தார்.

"கொடிய தொட்டீங்களா யாராச்சும்?"

இல்லை என்று தலையாட்டினோம். பாதிப் பேர் பொய்.

"தொடாதீங்க. நாங்க இருக்கற எடத்துல பூமிக்குள்ள வெடி பொதச்சு வெச்சிருப்பாங்க. முன்னாடி போறவன் பாத்துப் பாத்து நல்ல வழியா ரெண்டு பக்கமும் இந்த மாதிரி சின்னச் சின்னக் கொடி நட்டுட்டுப் போவான். பின்னாடி வர்றவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. கொடிதான் தெரியும். அத நம்பித்தான் காலெடுத்து வெப்பான்."

"காத்துல விழுந்துட்டா மாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"நல்லா கேட்ட பாப்பா. விழுந்த கொடிய யாரும் தூக்கி நடக் கூடாது. எடுத்து வெச்சுக்கவும் கூடாது. பாத்தவன் நின்ன எடத்துலயே குரல் கொடுக்கணும். 'கொடி விழுந்துச்சு'னு கத்தணும். எல்லாரும் அப்படியே நின்னுடுவாங்க. பாத்துட்டுக் கத்தாதவன்தான் எங்க பட்டாளத்துல குத்தவாளி."

எங்களுக்கு வேறென்ன வேண்டும். அடுத்த நாளே அது விளையாட்டாகிவிட்டது. ஒருவன் "கொடி விழுந்துச்சு" என்று கத்துவான், ஓடுகிறவர்கள் எல்லாரும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கால் ஊன்றினவன் செத்துப்போனவன்.

லீவு முடிந்து கிளம்பும்போது மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், அது தனியா இருக்குது. கொஞ்சம் பாத்துக்கோங்க." அப்பா "நான் இருக்கறேன், போய்ட்டு வாங்க" என்றார். அப்பா அவ்வளவு பேசியதே பெரிது.

மாமா போன வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. சர்வேயர் எங்கள் பின்கட்டில் மூன்று கால் கருவியை வைத்துக் குனிந்து பார்த்தார். வீட்டுக்கு மேற்கே ஒரு புளியமரம் இருந்தது, அடுத்த கொடியை மறைத்தது. செயின்மேன் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு வேலி தாண்டி அத்தையின் கனகாம்பரத்துக்கு நடுவே போய் நட்டார். அத்தை பூக்கடையிலிருந்து இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு அன்று வேலை இல்லை, நானும் அவரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். சர்வேயர் அவராகவே சொன்னார்.

"இது கணக்குல சேராதுங்க. மரம் மறைக்குது இல்ல, சுத்திப் பாக்கறதுக்காக சும்மா வெச்சிருக்கேன். சாயங்காலம் புடுங்கிடுவோம்."

அப்பா தலையாட்டினார். அவரோடு சேர்ந்து நானும் ஆட்டினேன்.

மத்தியானம் அத்தை திரும்பி வந்தாள். கொடிகள் எல்லாம் வரிசையாகப் போக, ஒன்று மட்டும் வரிசையை விட்டு விலகித் தன் பூவுக்கு நடுவில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை. சிவப்பு. அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குளித்துவிட்டு வந்து குச்சிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தாள். சூடம் காட்டிவிட்டு விழுந்து கும்பிட்டாள். வேலி ஓரம் நின்று பார்த்த எனக்கும் கற்பூரத் தட்டை நீட்டினாள்.

"இன்னா அத்தை வேண்டிக்கிட்ட?"

"உங்கம்மா சாப்புடாம கெடக்கறா. அவ வீட்ட விட்டுடு தாயேனு கேட்டேன். அவளா நம்ம கொல்லைக்குள்ள வந்து நிக்கறா, கேக்காம விடுவாங்களா?"

அது சும்மா வைத்த கொடி அத்தை என்று நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றியதால் அல்ல. கண்ணை மூடி நின்றவளைப் பார்த்தபோது அது நிஜமாகவே சாமியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கொடியைப் பிடுங்க வந்த செயின்மேன் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சார், மஞ்ச வெச்சுட்டாங்க சார்" என்று ஜீப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். சர்வேயருக்கு ஊருக்குத் திரும்புகிற அவசரம். "சரி வுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை உங்களுக்கு நினைவிருக்கும், மலை மேலிருந்து ஓடைகள் வெள்ளை வெள்ளையாக இறங்கின. சர்வே ஆட்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அந்த சர்வேயருக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மழைக்கு நடுவே ஒரு காலையில் பின்கட்டுக்குப் போனேன். எங்கள் அடுப்படிக் கொடி சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது. மாமாவின் சட்டம் என் வாயில் தயாராக இருந்தது. "கொடி விழுந்து" என்று ஆரம்பித்தேன்.

"கத்தாத" என்றாள் அம்மா.

அடிக்குரலில் சொன்னாள். பால் பொங்குகிறபோது ஊதுவாளே, அந்தக் குரல். கொடியை எடுத்தாள். துணியை அவிழ்த்துத் துவைக்கிற கல்லில் போட்டு அலசினாள். தண்ணீர் குங்குமம் கரைத்ததுபோல ஓடியது. குச்சியை அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்தாள். துணி காய்ந்ததும் இரண்டாக மடித்து, ஓரத்தில் ஒரு தையல் போட்டு, அடுப்புப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து சோற்றுப் பானை இறக்க அதுதான் கரித்துணி.

"விழுந்து கெடந்தத எடுத்தேன். நானா புடுங்கினேன்?" என்றாள். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

இன்று யோசித்தால் அம்மா அதில் திட்டமெல்லாம் போட்டிருக்கமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. கண் முன்னால் ஒரு கெட்டது நின்றுகொண்டே இருந்தது, விழுந்தது, அவள் அதைக் காணாமல் ஆக்கினாள். மழை விட்டதும் ஆட்கள் வந்து மறுபடி நடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். அதுவரைக்கும் பார்க்காமல் இருக்கலாம் அல்லவா.

அதற்கு இரண்டு நாள் கழித்து அத்தை அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, பாத்தீங்களா? உங்க பக்கம் இருந்த கொடிய காணோம். நான் கும்பிட்டது அப்படியே நிக்குது, ஒரு காத்து அசைக்கல. அவ எடுத்துட்டா அண்ணி. கேட்டுக்கிட்டா."

அம்மாவின் கையில் கரித்துணி. அதை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் அடக்கி, பிறகு அம்மிக்கு அடியில் செருகினாள். "ஆமாம்மா" என்றாள். அத்தை குனிந்து அம்மாவின் நெற்றியில் குங்குமம் இட்டுவிட்டாள். உலையின் ஆவி நடுவே அம்மாவின் முகம் சிவந்திருந்தது, நான் அதை அனல் என்று நினைத்தேன்.

தீபம் முடிந்து, பொங்கலும் போய், தை பாதியில் ஆட்கள் திரும்பி வந்தார்கள். எல்லாம் புது முகங்கள். சர்வேயர் கண்ணாடி போட்ட சின்னப் பையன், செயின்மேன்களும் வேறு. கொடிகள் இருந்த இடத்தில் கல் நட வந்திருந்தார்கள். கிழக்கே இருந்து ஒவ்வொரு கொடியாக எட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்கட்டுக்கு வந்தார்கள். வந்து நின்று மேற்கே பார்த்தார்கள். பக்கத்தில் வேறு கொடி இல்லை. வேலிக்கு அப்பால் ஒன்றுதான், துணி வெளுத்து, குச்சியில் மஞ்சள் கெட்டியாக.

"அது நம்ம கொடிதான?" என்றார் சர்வேயர்.

"நம்மளுதுதான் சார். சாமியாக்கிட்டாங்க" என்று ஒருவர் சிரித்தார்.

சர்வேயர் புளியமரத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். "சரி சரி. மரத்த வெட்டக் கூடாதுனு வளைச்சிருக்காங்க போல" என்று அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

அப்பா இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா காப்பி கொண்டுவந்தாள். ஈயச் சொம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் கரித்துணியால் பிடித்திருந்தாள், எதைப் பிடித்திருக்கிறோம் என்பதை மறந்து. பாதி வழியில் அவளுக்கு நினைவு வந்தது. கால் நின்றது, பிறகு நடந்தது. கொடி சர்வேயரின் கண் முன்னாலேயே வந்து அவருக்குக் காப்பி ஊற்றியது. கரி ஏறி, ஓரம் பொசுங்கி, நடுவில் மட்டும் சிவப்பு. அவர் சொம்பைத்தான் பார்த்தார்.

"காப்பி நல்லா இருக்குதும்மா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா புளியமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு காக்காய்கூட இல்லை.

அன்று ராத்திரி அம்மா தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள், "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"கேட்டா சொல்லியிருப்பேன். கேக்கல." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "பிளான்னு ஒண்ணு ஆபீஸ்ல இருக்குது இல்ல, அங்க பாத்துப்பாங்க. அப்படியே போனாலும் அவங்களுக்குப் பட்டாளத்துச் சம்பளம் வருது. நமக்கு இந்த நாலு செவுருதான்."

அம்மா அவர் தட்டில் மோரை ஊற்றினாள். எனக்கோ, உள்ளுக்குள் சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மழைக் காலம் முழுக்க ரோட்டு நடுவில் பாய் விரித்துப் படுத்திருப்பதுபோலக் கனவு கண்டவள், அன்று அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் உறுத்துவது அந்தத் தூக்கம்தான்.

ஆபீஸில் யாரும் பார்க்கவில்லை. அல்லது பார்த்தவர்களும் மரத்துக்காக என்று நினைத்தார்களோ என்னவோ. அந்தப் புளியமரத்தையும் பிறகு மின்கம்பிக்காக வெட்டிவிட்டார்கள்.

கல் நட்ட அன்று மஞ்சள் பூசிய கொடியை எடுக்க வேண்டியிருந்தது. அது நடு ரோடாயிற்றே. செயின்மேன்கள் தைரியம் வராமல் தயங்கினார்கள். வயதில் மூத்தவர் அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். "தாயி, நீயே ஒரு சூடம் காட்டி அழைச்சு இந்தக் கல்லுக்கு மாத்திடு" என்றார். ரோட்டின் ஓரத்துக்கென்று நட்ட கல், சரியாக எங்கள் வேலி முனையில் இருந்தது. அத்தை கொடியடி மண்ணைக் கைப்பிடி எடுத்து, கல்லடியில் போட்டு, அதற்கு மஞ்சள் பூசினாள். பிறகுதான் திரும்பித் தன் கொல்லையைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு முழுசாக உறைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கனகாம்பரத்தைப் பிடுங்கிக் குவித்தபோது அழவில்லை. கிணற்றில் மண் கொட்டினார்கள். முதல் கூடை மண் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அவள் புடவையில் இன்னும் காக்கட்டான் வாசனை. "உங்க வீடு தப்பிச்சுது பாப்பா, அது வரைக்கும் சரி" என்றாள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமா சேதி தெரிந்து அவசர லீவில் வந்தார். டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்காமலே ரோட்டு மண்ணில் நின்று கிழக்கும் மேற்கும் மாறி மாறிப் பார்த்தார். நேர்கோடு எது என்று தெரியாத ஆளா அவர்.

"மச்சான், கொடி எங்க இருந்துச்சு?"

"அவங்க வெச்ச எடத்துலதான்" என்றார் அப்பா. அதில் பொய் எங்கே இருக்கிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

மாமா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, எதுனா விழுந்துச்சா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "அது கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்" என்று அப்பா குறுக்கே பேசினார். கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் வாயை மூடிக்கொண்டேன், அப்பாடா என்றிருந்தது.

மீதி சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இல்லாத மிச்சக் கொல்லையை விற்றுவிட்டு அவர்கள் ரமணாசிரமம் பக்கம் வாடகை ரூமுக்குப் போனார்கள். மாமா பட்டாளத்திலிருந்து வந்தபிறகு ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அந்த மீசையோடு வெளிநாட்டுக்காரர்களுக்கு கேட் திறந்துவிடுவதை நான் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் உட்கார்வதை விட்டுவிட்டேன். அத்தை யாரோ வாங்கி வந்த பூவைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கூலிக்கு. எங்களுக்கு ரோட்டு மேல் வீடு. பின்கட்டு முன்வாசலாயிற்று. கலெக்டர் ஆபீஸ் வந்தபிறகு முன்னால் கடைகள் கட்டினோம். என் கல்யாணத்துக்கு மாலை அத்தை கையால்தான். மாமா முதல் பந்தியில் உட்கார மறுத்துவிட்டு, கடைசிவரை வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார். அப்பா அன்றும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அப்பா போனார், மாமா போனார், அம்மாவும் போனாள். அம்மாவின் அடுப்படியைக் காலி செய்தபோது அந்தத் துணியைத் தேடினேன். ஆணி இருந்தது.

இந்தப் பங்குனியில் அத்தைக்குக் கால் வீங்கிவிட்டது என்று கேள்விப்பட்டுப் போனேன். ரூமில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், மாமாவின் டிரங்குப் பெட்டி மேல் அவர் படம். இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து எங்கள் வேலி முனைக் கல்லுக்கு மஞ்சள் பூசியவள். இப்போது ஆட்டோக்காரர்கள்கூட அங்கே நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

"இனிமே என்னால வர முடியாது பாப்பா. நீ பூசிடு. உங்க வீட்டக் காப்பாத்தினவ, விட்டுடாத."

"சரி அத்தை."

வெகுநேரம் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு படத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். செத்தவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்ட்டயும் சொன்னதில்ல. அன்னிக்குக் கும்புட்டப்போ உங்க வீட்ட விட்டுடுனு மட்டும்தான் கேட்டேன். எங்க கெணத்தையும் விட்டுடுனு சேத்துக் கேக்கத் தோணல. அவ கேட்டத செஞ்சுட்டா. அந்த மனுசன் வெயில்லயும் பனியிலயும் நின்னு சம்பாரிச்ச கெணறு. எப்படிப் போச்சு, எப்படிப் போச்சுனு கடைசி வரைக்கும் கேட்டாரு. என் வாயாலதான் போச்சுனு சொல்லப் பயந்துட்டேன். ஏமாத்தியே அனுப்பிட்டேன் பாப்பா."

சேற்றில் கிடந்த துணி என் கண் முன்னால் இருந்தது. கல்லில் ஓடிய சிவப்புத் தண்ணீர், சொம்பைப் பிடித்த அம்மாவின் கை, எல்லாம். உன் வேண்டுதலால் ஒன்றும் ஆகவில்லை அத்தை, நாங்கள்தான் என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். மாமாவே சொல்லிக்கொடுத்த வார்த்தை. சொன்னால் அவள் பாரம் இறங்கும். கூடவே அவளுடைய சாமியும் இறங்கிப் போகும், இத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமைகளும் போகும், எங்களை அண்ணா அண்ணி என்று நினைத்ததும் போகும். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பாவும் இப்படித்தான் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்றும் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டுப் போய்க் கல்லுக்கு மஞ்சள் பூசினேன். குங்குமம் வைக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கொடி விழுந்துச்சு என்று சொன்னேன். போன வாரமும் சொன்னேன். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, யாரும் நிற்கவில்லை.

அத்தை இன்னும் இருக்கிறாள். இங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்தால் போய்விடலாம்.